கரைத் தெருவில் காயும் துணிகள்

கரைத் தெருவில் மனிதர்கள் குடியிருப்பதாகக் காட்டுவதுதான் அவனுடைய வேலை.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நகராட்சியில் வேலை என்பான். விடாமல் கேட்டால் பராமரிப்புப் பிரிவு என்பான். மனைவியிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான். அவள் விடுகிற ஆளா? "காலேஜெல்லாம் படிச்சுட்டு அப்படி என்னதான் பராமரிக்கிறீங்க?" என்று குடைந்து குடைந்து, கடைசியில் உண்மையைக் கறந்துவிட்டாள். கேட்டதும் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பொம்மைக்குக் குடித்தனம் நடத்துறதுக்குச் சம்பளமா!"

அது போன மழைக்காலத்துக்கு முன்னால். மழையோடு வந்த காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

கரைத் தெரு அழகான தெரு. தண்ணீரைப் பார்த்தபடி தோளோடு தோள் ஒட்டி நிற்கும் மாடி வீடுகள். கப்பல் வியாபாரம் கொழித்த காலத்தில் கட்டியவை. சுவரின் கனமே ஒரு முழம் இருக்கும். அந்த நகரம் என்றதும் எல்லோர் கண்ணிலும் வந்து நிற்கிற படம் அதுதான். வசதிக்கும் குறைவில்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு பெஞ்சு, சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை, குடிதண்ணீர்க் குழாய், கண்ணாடிபோல் துடைத்து வைத்த கழிப்பறை, வாசகசாலை, விதவிதமான நிறத்தில் குப்பைத் தொட்டிகள். போடக் குப்பைதான் இல்லை. வீடுகளை வாங்கியவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். வாங்கினார்கள், பூட்டினார்கள், போனார்கள். பால் வாங்கக்கூடப் படகேறி அக்கரைக்குப் போக வேண்டும் என்று ஆனபோது மிச்சமிருந்தவர்களும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

சுற்றிப் பார்க்க வந்த யாரோ, "கல்லறைக்கு எதற்கு இவ்வளவு பெஞ்சுகள்?" என்று எழுதிவிட்டுப் போனார். நகராட்சிக்குச் சுருக்கென்றது. வாழச் சிறந்த நகரம் என்ற பட்டத்துக்காக அந்த நகரம் வெகுகாலமாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது. அப்படிப் பிறந்ததுதான் அவன் வேலை.

காலையில் சாவிக்கொத்தோடு போய் ஜன்னல்களைத் திறப்பான். ஒரு வீட்டில் பாதி, ஒரு வீட்டில் முழுசு. வாசலில் செருப்பு, சுவரில் சாய்த்து வைத்த குடை, மாடிக் கொடியில் துணி. நேற்று இருந்தபடி இன்று எந்த வீடும் இருக்கக் கூடாது. பொழுது சாயும்போது துணிகளை எடுத்துவிட்டு, விளக்குப் போட்டுவிட்டு இறங்குவான். ஒரே ஒரு கட்டுப்பாடு. உள்ளே குழாயைத் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் சாவி கொடுத்ததே அந்த வாக்கை நம்பித்தான். மீட்டர் ஓடினால் யாரோ குடியேறிவிட்டார்கள் என்று அர்த்தம். குடியேறியவரைக் கிளப்புவது லேசில்லை.

கொடியில் போடும் துணிகள் ஓட்டல்களில் கழித்துப்போட்டவை. எல்லாம் வெள்ளை.

"தெருவப் பாத்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு," என்றார் அவனுடைய மேலதிகாரி. எல்லோருக்கும் அவர் மேடம்தான். "பட்டம் குடுக்குற கமிட்டி வரப்போகுது. கொஞ்சம் கலர் வேணும். உங்க வீட்ல பழசு ஏதும் இருந்தா கொண்டாங்களேன்."

கேட்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவன் வீட்டில் இருந்தது. அலமாரியில் ஒரு தட்டு முழுக்க. யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்கள் தெரிந்தவர்கள். கொடுக்கவும் மனம் வரவில்லை, அலமாரிக் கதவைத் திறந்து பார்க்கவும் தெம்பில்லை. அழுகையாவது வந்தால் தேவலை. பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் அதற்கும் காத்திருந்து பார்த்தான், வரவில்லை. மறுநாள் காலை அந்தத் தட்டிலிருந்ததை அப்படியே ஒரு பையில் சரித்துக்கொண்டு போனான். யாருக்கும் கொடுக்கவில்லை, தூக்கியும் எறியவில்லை, காயப்போட்டிருக்கிறேன், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தெருக்கோடியில் நீலக் கதவு போட்ட வீடு. அதன் மாடிக் கொடியில் அவளுடைய பச்சைக் கட்டம் போட்ட சட்டையை, தோள்பட்டைக்கு ஒன்றாக இரண்டு கிளிப் குத்தித் தொங்கவிட்டான்.

சாயங்காலம் எடுக்கப் போனபோது சட்டை தலைகீழாகத் தொங்கியது.

கிளிப்புகள் கீழ் விளிம்பில் இருந்தன. கடைசிப் பொத்தான் மட்டும் போட்டிருந்தது. தரையைத் தொட்டுவிடப் பார்ப்பவைபோல் கைகள் இரண்டும் கீழே நீண்டிருந்தன. அவற்றின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சோப்பு வாசனை வந்தது.

மழை பெய்யவில்லை. பக்கத்து வீட்டுக் கொடியில் வெள்ளைச் சட்டைகள் மொடமொடவென்று காய்ந்து கிடந்தன.

"தோள்ல கிளிப் போட்டா தடம் விழும்னு எத்தன தடவ சொல்றது?" அவள் எப்போதும் சொல்வது. தலைகீழாகத்தான் காயப்போடுவாள், கடைசிப் பொத்தானைப் போட்டுவிடுவாள், காற்றில் சுருண்டுகொள்ளாமல் இருக்க.

ஈரச் சட்டையை அப்படியே விட்டுவிட்டு இறங்கினான். காற்றில் புரண்டிருக்கும், பனி இறங்கியிருக்கும் என்று படிக்குப் படி ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தான். பொத்தானுக்குச் சமாதானம் கிடைப்பதற்குள் வாசல் வந்துவிட்டது.

அதன் பிறகு தினமும் அவளுடைய துணிகளில் ஒன்றை அந்தக் கொடியில் போட்டான். தோளில்தான் குத்தினான். வேண்டுமென்றேதான். தினமும் சாயங்காலம் அது ஈரமாக, தலைகீழாக இருந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மூச்சுவிட்டது மீட்டர்காரர்.

"தம்பி, நீல வீட்டுல குளிக்கிறீங்களா?"

"இல்லண்ணே."

"அட, சும்மா சொல்லுங்க. நானே மத்தியானம் வாசகசாலையிலதான் தூங்குறேன். அங்கதான் ஈ காக்கா வராது."

"குழாயத் தொடவே இல்லண்ணே. ஒழுகுதோ என்னமோ."

"ஒழுகினா ராத்திரி பகல்னு ஒரே சீரா ஓடும். இது அப்படியில்ல. மத்தியானம் ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது." மீட்டர்காரர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து பக்கத்துல நின்னே பாத்தேன். ஒரு ஆளு துணி துவச்சு அலசுற மாதிரி ஓடுது."

அவன் நீல வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தான்.

"மேடத்துக்கிட்ட சொல்லியாச்சு, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு கமிட்டி வருது. அதுக்குள்ள தெரு வால்வ நீங்களே மூடிடணுமாம். மூடலேன்னா சாவிக்கொத்தக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகலாமாம்." ஆளுயர இரும்புச் சாவியை அவன் கையில் திணித்தார். "எனக்கென்னமோ அந்த வீட்டுப் பக்கம் போகவே பிடிக்கல தம்பி. மூடித் தொலைங்க."

அன்று துணிகளை எடுக்கக்கூடத் தோன்றாமல் வால்வு சாவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அவனும் அவளும் குடியிருந்த மாடிவீட்டுக்கும் ஒரு வால்வு உண்டு, கீழே படிக்கட்டடியில். கீழ்வீட்டுக்காரர் நினைத்தால் மூடிவிடுவார். துவைத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நின்றால் அவள் கூப்பிட மாட்டாள். குவளையால் குழாயில் தட்டுவாள். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. திறந்து விடுங்க என்று அர்த்தம். "எதுக்குத் தொண்டத் தண்ணி வத்தக் கத்தணும்?" என்பாள். அவன் கையில் செய்தித்தாளோடு இறங்கிப் போய்த் திறந்துவிட்டு வருவான். இப்போதெல்லாம் கீழ்வீட்டுக்காரர் மூடினால் மூடியபடியே கிடக்கிறது.

இருட்டுவதற்கு முன் அவளுடைய அம்மா வந்தார். வாரத்தில் ஒருநாள் படகேறிச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். இன்று தூக்கைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்க அத்தை."

"கரைத் தெருவுல நீலக் கதவு வீடு யாருது?"

அவன் விழித்தான்.

"படகுலேர்ந்து பாத்தேன். எம்பொண்ணு சட்டை காயுது. கைமடிப்புல ஒட்டுப் போட்டுக் குடுத்தவளே நான்தான், எனக்குத் தெரியாதா? நீங்க சின்ன வயசு. காலம் பூரா இப்படியே இருங்கன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா, வர்றவளுக்கு ஒரு புதுத் துணி எடுத்துக் குடுக்கக்கூடவா உங்களுக்கு வக்கில்ல? செத்தவ துணியா உடுத்தணும்?"

"அத்தை, உள்ள வாங்க. உக்காருங்க."

எல்லாவற்றையும் சொன்னான். வேலையைப் பற்றி, மேடம் கலர் கேட்டது பற்றி. ஈரத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மகள் சிரித்ததற்கு அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப அங்க யாரும் இல்லங்கிறீங்க."

"யாரும் இல்ல அத்தை."

"பின்ன துணி எடுத்தது யாரு?"

"எப்ப?"

"இப்பத்தான். படகு கரைக்குத் திரும்புறப்ப. முகம் தெரியல. சட்டைய உருவி இழுக்கல, நிதானமா கிளிப்ப ஒண்ணொண்ணா எடுத்து வாயில கவ்விக்கிட்டு..."

அத்தை பாதியில் நிறுத்திவிட்டார். கிளிப்பை வாயில் கவ்வுவது யார் பழக்கம் என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை. தூக்கு அத்தையின் மடியிலேயே இருந்தது.

மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் நீலக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். மேஜை நாற்காலிகளெல்லாம் துணி போர்த்திக் கிடந்தன. படிக்கட்டுத் தூசியில் அவனுடைய செருப்புத் தடம் ஏறியிருந்தது, இறங்கியிருந்தது. வேறு தடம் இல்லை.

குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. வாளி நிறையத் தண்ணீர்; நுரை இன்னும் அடங்கவில்லை. ஜன்னல் திட்டில் பச்சைக் கட்டம் போட்ட சட்டை, கைகளை உள்ளே மடித்து, நீவி வைத்திருந்தது.

அத்தை வாசற்படியில் உட்கார்ந்து வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு, பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுகிற குரலில், "பாப்பா, அம்மா வந்திருக்கேன்," என்றார்.

அந்தக் கனத்த சுவர்கள் குரலை விழுங்கிக்கொண்டன.

அவன் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. மேடம். "மூடிட்டீங்களா இல்லையா? கமிட்டி படகுல ஏறியாச்சு. நான் தெருமுனையிலதான் நிக்கிறேன்."

"மூடுறேன் மேடம்."

கீழே இறங்கி, நடைபாதையில் பதித்திருந்த இரும்பு மூடியைத் தூக்கினான். வால்வும் மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அத்தை பின்னாலேயே வந்து, தூக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். மாடியில் யாரும் இல்லை. அவர்கள்தான் கடைசியாக இறங்கி வந்தவர்கள். மீட்டருக்குள் சிறு சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் வால்வு சாவியை மாட்டித் திருகினான். சக்கரம் தயங்கியது. நின்றது.

மேலே ஒரு குழாயைத் திருகும் கிறீச்சுச் சத்தம். மூடித் திறந்து, மறுபடி மூடித் திறந்து பார்க்கிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டும் கரைக்கல்லில் மோதிக்கொண்டிருந்தது.

டங், டங்.

கொஞ்சம் விட்டு, டங்.

கையிலிருந்த இரும்பில் அந்த அதிர்வு இறங்கி வந்தது.

"என்ன மாப்பிள்ளை அது?"

"தண்ணி நின்னுபோச்சாம்," என்றான்.

"அப்ப ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க? திறந்து விடுங்க."

தெருமுனையிலிருந்து மேடம் கையை ஆட்டினார், மூடியாயிற்றா என்று. படகு துறையை நெருங்கிக்கொண்டிருந்தது. மூடியாயிற்று என்று தலையசைத்தால் போதும். நாளைக்கும் வேலை இருக்கும், வாடகை இருக்கும்.

மறுபடி தட்டினாள். இந்தத் தடவை வேகமாக. இரண்டாவது தடவைக்கு அவளுக்குப் பொறுமை கிடையாது.

அவன் முழங்காலிட்டு இரண்டு கையாலும் திருகினான். குழாய்க்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. சிவப்புச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. முகமெல்லாம் ஈரம். வால்விலிருந்து தெறித்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தான்.

மேடம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மூடச் சொன்னா திறந்துட்டு உக்காந்திருக்கீங்க? உள்ள யாரக் குடிவச்சிருக்கீங்க?"

"ஆள் இருக்காங்க மேடம்."

"யாரு?"

படகிலிருந்து கமிட்டிக்காரர்கள் மாடிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நீல வீட்டு மாடியைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். மேலே இருப்பவர் முதலில் அசைத்திருந்தால்தான் அப்படிப் பதிலுக்கு அசைப்பார்கள். மேடமும் அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் அதற்கு மேல் கத்தவில்லை. சாவிக்கொத்துக்கு மட்டும் கையை நீட்டினார்.

கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தான்.

அன்று பொழுது சாய்ந்தபோது கரைத் தெருவில் விளக்குப் போட ஆள் இல்லை. அவனும் அத்தையும் நீலக் கதவுக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தூக்கு இருவருக்கும் நடுவில், திறக்காமல் இருந்தது. வீடு வீடாக இருண்டுகொண்டே வந்து, தெருக்கோடியில் அந்த ஒரு மாடியில் மட்டும் விளக்கு எரிந்தது.