மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிய சுடர்

திருவருகைக் காலத்தின் இரண்டாம் மெழுகுவர்த்திக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு தனிச் சட்டம் உண்டு. அப்பா போட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் பசுந்தழை வளையத்தில் வாரம் ஒன்றாக ஏற்றும் மெழுகுவர்த்திகளில் இரண்டாவது அமைதிக்கு உரியது என்பார்கள். அப்பா அதோடு விடவில்லை. அதைத் தீக்குச்சியால் ஏற்றக் கூடாது, ஏற்கெனவே எரிகிற ஒன்றிலிருந்துதான் ஏற்ற வேண்டும் என்றார். பிறகு அந்தச் சுடரை, யாரோடு பேச்சில்லையோ அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வாங்குகிறவர் மறுக்கக் கூடாது.

இந்த ஏற்பாடு எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று எனக்கு இன்றும் வியப்புதான். சண்டை போட்டவர்களுக்கு முதல் வார்த்தைதான் மலை. யார் முதலில் பேசுவது என்பதில்தான் மானம், மரியாதை எல்லாம் போய் மாட்டிக்கொள்கிறது. அப்பா அந்த முதல் வார்த்தையையே கழற்றி எடுத்துவிட்டார். இன்னொன்றும் இருக்கிறது. எரிகிற மெழுகுவர்த்தியோடு யாரும் விறுவிறுவென்று நடக்க முடியாது. கையைக் குவித்து, மூச்சை அடக்கி, அடி அடியாகத்தான் போக வேண்டும். அப்படி நடந்தால் கோபம் பாதி வழியிலேயே களைத்துவிடும். அக்காவும் நானும் ரிப்பனுக்கும் ஜன்னலோரக் கட்டிலுக்கும் முட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்போம். இரண்டாம் ஞாயிறு வந்தால் ஒருத்தி மற்றவளின் கட்டிலருகே சுடரோடு வந்து நிற்பாள். மெழுகு சொட்டி விரல் சுடும்போது இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் ஒரே கட்டடத்தில்தான் இருந்தோம். அக்கா தரைத்தளம், நான் மூன்றாம் மாடி. அம்மா கடைசியாக அக்கா வீட்டில் படுக்கையில் இருந்தாள். ஒருநாள் மாலை நான் இறங்கிப் போனபோது, அம்மா தூங்குகிறாள், காலையில் வா என்று அக்கா வாசலிலேயே சொன்னாள். திரும்பிவிட்டேன். விடிவதற்குள் அம்மா போய்விட்டாள். கடைசி நேரத்தை நீ மட்டும் வைத்துக்கொண்டாய் என்று நான் சொன்னேன். நினைத்தபோது எட்டிப் பார்க்கிறவளுக்கு என்ன கடைசி நேரம் என்று அவள் சொன்னாள். அதன் பிறகு படியில் எதிர்ப்பட்டால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போனோம்.

அந்த ஆண்டு இரண்டாம் ஞாயிறுக்கு முன்பே செய்தி காதுக்கு வந்தது. அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊரிலிருக்கும் மகனோடு இருக்கப் போகிறாள். அந்த ஞாயிறு கழிந்த வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது. அதற்குள் சுடர் கீழே போகாவிட்டால் அப்புறம் அது எப்போதுமே போகாது என்று எனக்குத் தெரிந்தது.

பிரச்சினை படிக்கட்டு. எங்கள் கட்டடத்தின் படிக்கட்டு ஒரு புகைபோக்கியைப் போன்றது. வாசல் கதவின் இடுக்கில் நுழையும் குளிர்காற்று, உள்ளே சூடேறி, மொட்டைமாடிக் கதவு வழியாக வெளியேறும். வெளியே குளிர் கூடக் கூட இந்த இழுப்பும் கூடும். டிசம்பரில் வெறும் மெழுகுவர்த்தி ஒரு மாடிகூடத் தாங்காது.

என் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இதை என்னிடம் விடு என்றார். ஞாயிறன்று அகன்ற வாய்க் கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து, அதன் மூடிக்கு ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் பட்டையை வெட்டி ஒட்டினார். உள்ளே மெழுகுவர்த்தியை நிறுத்தி, வளையத்திலிருந்து சுடரை ஏற்றி, மூடியை இறுக்கித் திருகினார். ஒரு பொட்டுக் காற்று உள்ளே போகாது என்று பெருமையாகச் சொன்னார்.

போகவில்லை. சுடருக்கு மேலே சூடான காற்று எழும்ப வேண்டும், அந்த இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று வர வேண்டும். அதனால்தான் விளக்குச் சிம்னிக்கு மேலும் கீழும் வழி வைக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் காற்றைத் தடுத்தே பழகிய மனிதருக்கு அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இரண்டாம் மாடியில் சுடர் குன்றியது. முதல் மாடியில் நீலப் பொட்டானது. அக்கா வீட்டு வாசலுக்கு நான் வந்து சேர்ந்தபோது பாட்டிலில் புகை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்பி ஏறிவிடலாம் என்று காலை எடுத்தேன். அப்போது கிழிந்த அட்டைகளை வெளியே போட அக்கா கதவைத் திறந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கொடுப்பதற்குச் சுடர் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். இப்போது வேறு வழியில்லை.

"தீப்பெட்டி இருக்காக்கா?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். "கட்டியாச்சு. எந்தப் பெட்டின்னு தெரியல."

உள்ளே போனோம். ஒட்டிய நாடாவைக் கிழித்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தோம். தட்டுகள், போர்வைகள், செருப்புகள் எல்லாம் வந்தன, தீப்பெட்டி மட்டும் வரவில்லை. காலியான அறையில் ஜன்னல் விளிம்பில் திருவருகைக் காலத்துக்கான ஊதா மெழுகுவர்த்தி ஒன்று மட்டும் நின்றிருந்தது. தீப்பெட்டியைக் கட்டிவிட்டு மெழுகுவர்த்தியை வெளியே வைத்திருப்பவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

போர்வைப் பெட்டிக்குள் தலையை விட்டபடியே அக்கா பேசினாள். "அன்னிக்கு அம்மா தூங்கறாங்கன்னுதான்டி நானும் நெனச்சேன். நானும் போய்ப் படுத்துட்டேன். காலையில எழுந்துதான் பார்த்தேன்."

கடைசி நேரம் அவளிடம் இருக்கிறது என்று எத்தனை மாதங்கள் நினைத்திருந்தேன். அவளிடமும் இல்லை. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இந்த ரப்பரை யாருடி ஒட்டினது?"

"வேற யாரு?"

"மெழுகுவர்த்தியை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சு அனுப்பியிருக்காரு உன் வீட்டுக்காரர். நல்லவேளை, கெட்டுப் போகாம வந்திருக்கு."

அவளுக்கு முழங்கால் வலி. இருந்தும் ஊதா மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். கதவைத் திறந்த என் கணவரின் முகம் எங்களைக் கண்டதும் மலர்ந்தது, அணைந்த பாட்டிலைக் கண்டதும் வாடியது. என் தங்கச்சியைப் பேச வெச்சிட்டீங்களே மாப்பிள்ளை, என்ன மெக்கானிக் நீங்க, என்று அவள் கேட்டதும் அவருக்குச் சிரிப்பதா தலையைச் சொறிவதா என்று தெரியவில்லை.

மேசையில் எங்கள் வளையம் இரண்டு சுடரோடு எரிந்துகொண்டிருந்தது. அக்கா தன் மெழுகுவர்த்தியை அதிலிருந்து ஏற்றிக்கொண்டு, கையைக் குவித்து, அடி அடியாகப் படியிறங்கினாள். நான் கூடவே போனேன். முதல் திருப்பத்திலேயே காற்று அதை ஊதிவிட்டது. வா, மேலே போவோம் என்றாள். மறுபடி ஏற்றினோம். அதே இடத்தில் மறுபடி அணைந்தது. வலிக்கிற காலோடு மறுபடியும் அவள்தான் முன்னால் ஏறினாள்.

கடைசியில் அதை எங்கள் மேசையிலேயே, வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் மெழுகு சொட்டி நிறுத்தினோம். இரண்டாம் ஞாயிறன்று எங்கள் வீட்டில் மூன்று சுடர்கள் எரிந்தன.

"கொண்டு போகணும்னுதானே சட்டம்," என்றேன். "அப்பா இருந்தா திட்டுவாரு."

"திட்டட்டும். எரிஞ்சு முடியட்டும், அப்புறம் போறேன்," என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அது நீளமான மெழுகுவர்த்தி.