அக்கா வாய் திறக்காத நேரம்

குதிரைக்கு வயிற்றில் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும் முன் டாக்டர் அதன் லாடங்களைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். மண்ணும் துருவும் அப்பிய நாலு இரும்புத் துண்டுகள்.

“பயமா இருக்காக்கா?” என்றான் தம்பி.

“எனக்கா? குட்டியிலேருந்து வளக்கிறேன், அவனைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஜம்முன்னு எந்திரிப்பான் பாரு.”

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மயக்கம் தெளிந்து எழும்போதுதான் கண்டம் என்றார் டாக்டர். “உங்க குரல் கேட்டா அரை மயக்கத்துலயே துள்ளுவான், காலை முறிச்சுக்குவான். அவனா எழுந்து நிக்கிற வரைக்கும் நீங்க வாயே திறக்கக் கூடாது.”

தூக்கத்தில்கூடப் பேசுகிற அக்கா, குதிரையைக் கிடத்தியிருந்த, சுவரெல்லாம் மெத்தை பதித்த இருட்டறைக்கு வெளியே, வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல் உட்கார்ந்தாள். மடியில் துப்பட்டா நுனி மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

உள்ளே திம்மென்று ஒரு சத்தம். கதவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்த டாக்டர் சிரித்தார். “நின்னுட்டான். இனிமே பேசலாம்.”

“நான்தான் சொன்னேனே!” அக்கா தம்பி மேல் பாய்ந்தாள். “பயந்து சாகிறதெல்லாம் உன் வேலை. எனக்கென்ன பயம்?”

தம்பி அவள் மடியில் கிடந்த லாடங்களைப் பார்த்தான். நாலிலும் முகம் பார்த்துத் தலை சீவலாம்.