கமோமேவுக்குக் கருமாதி

உயிரோடு இருப்பவருக்கு யாராவது கருமாதி வைப்பார்களா? முனெயோகா வைத்தார். அதுவும் தான் பெற்ற பிள்ளைக்கே.

பிள்ளையின் பெயர் கமோமே. கடற்பறவை என்று அர்த்தம். இணையதளம் கட்டுகிறவர்களுக்கான ஃப்ரேம்வொர்க். கொத்தனாருக்குச் சாரம் எப்படியோ எங்களுக்கு அது அப்படி. ஒரு காலத்தில் அதைப் பயன்படுத்துகிற எங்கள் ஆண்டுக் கூட்டத்தில் இடம் பிடிக்க அடிதடி நடக்கும். பிறகு ஆளாளுக்குப் புதுசு புதுசாக வந்தவற்றுக்குத் தாவிவிட்டார்கள், அதை உருவாக்கிய முனெயோகா உட்பட. நான் ஒருத்திதான் தாவவில்லை. ஓனோமிச்சியிலிருந்து அக்கரை இமாபாரிக்குப் போகும் எங்கள் கப்பல் கம்பெனியின் முன்பதிவு முழுவதும் கமோமேயில் நான் எழுதியது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எதற்குத் தாவ வேண்டும்?

ஒடிந்த ஊசிக்கும் பழைய பொம்மைக்கும் மந்திரம் ஓதி வழியனுப்பும் மடங்கள் எங்கள் பக்கம் உண்டு. அப்படி ஒரு மடத்தில் பேசிவிட்டு, நவம்பரில் கமோமேவுக்குக் கடைசி மரியாதை என்று எங்கள் இணையக் குழுவில் அறிவித்துவிட்டார் மனிதர். அதை என் மேலாளர் குசகாபேயும் படித்துத் தொலைத்தார்.

"ஹமாதானி-சான், அது இருக்கா, போயிடுச்சா? ஒண்ணு சொல்லுங்க."

"நல்லா குத்துக்கல்லாட்டம் இருக்கு."

"அப்புறம் எதுக்குக் கருமாதி? செத்ததை வெச்சுக் கப்பல் ஓட்டுறாங்கன்னு நாலு பேரு பேச மாட்டாங்களா? கருமாதி மட்டும் நடந்துச்சுன்னா ஏப்ரல்லேருந்து டோக்கியோ கம்பெனிக்காரங்க எல்லாத்தையும் புதுசா எழுதுவாங்க. உங்களுக்கு டிக்கெட் கவுண்டர்ல இடம் பார்த்து வெச்சிருக்கேன். ஜன்னல் பக்கம், கடல் தெரியும்."

"எனக்குக் கடல் வேணாம்."

"ஹீட்டரும் இருக்கு."

உடனே முனெயோகாவுக்குப் போன் போட்டேன்.

"என்ன அநியாயம் இது? இன்னிக்குக் காலையில கூட கப்பல் நிறைய ஆளை ஏத்தி அனுப்பியிருக்கு உங்க பிள்ளை."

"கோவிச்சுக்காதீங்க. அதுக்கும் வயசாச்சு. நல்ல பேரோட அனுப்பி வைப்போம்."

"பார்த்துக்க ரெண்டு பேரு என்கூட நின்னா போதும். இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"யாரு நிப்பா சொல்லுங்க? அவனவன் பொழப்பே பெரும்பாடா இருக்கு. ஆனா ஒண்ணு, ஹமாதானி-சான். துக்க வீட்டுப் பெரியவரா நீங்கதான் முன்னாடி நிக்கணும். கடைசி வரைக்கும் கூட இருந்தது நீங்கதானே?"

அடப்பாவி! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. முன்னால் நிற்பவருக்குத்தானே மைக் கொடுப்பார்கள்? சரி என்றேன்.

வருகிறவர்கள் பெயர் பதிய ஒரு பக்கம் வேண்டியிருந்தது. பாசம் பொங்கி அதையும் கமோமேயிலேயே கட்டினார்கள். தொட்டு வெகுநாளான கைகள். பக்கம் திறந்த வேகத்தில் படுத்துவிட்டது. "நான் பார்க்கிறேன்" என்று முதலில் வந்தவர் இமாபாரிக்காரர் குராமோச்சி. அவர் பின்னால் ஒசாகா, சப்போரோ என்று ஒரு பட்டாளமே வந்தது. நான் வருஷக்கணக்காகச் சரிசெய்யச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்த கமோமேயின் தேதிக் கோளாறு ஒரே மத்தியானத்தில் சரியானது. இன்னொருவர் கையோடு கையாகப் பாதுகாப்பு ஓட்டைகளையும் அடைத்தார். இறந்தவர்களுக்கு மடத்தில் ஒரு புதுப் பெயர் வைப்பார்களே, அதற்கு வேறு குழுவில் மூன்று நாள் சண்டை. கடைசியில் குராமோச்சி சொன்ன 'அலைகடல் நிதானப் பறவையார்' நின்றது.

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பேருக்கு இத்தனை ஆசை இருக்கிறதென்றால் இது எப்படிச் சாகும்? எல்லாத் திருத்தங்களையும் சேர்த்துப் புதுப் பதிப்பு ஒன்றைத் தயார் செய்தேன். வெளியிடும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அதை எல்லார் முன்னாலும் அழுத்தப் போகிறேன் என்று மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு மடத்துக்குப் போனேன்.

கூடம் நிரம்பி வழிந்தது. கறுப்புக் கோட்டுக்கு உள்ளே பழைய கூட்டங்களில் கொடுத்த கமோமே பனியன்கள். குசகாபேயும் வந்திருந்தார். ஊழியர் வீட்டில் துக்கம் என்றால் மேலாளர் போக வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. இது அதில் சேருமா என்று மேலிடத்தில் கேட்டுக்கொண்டுதான் வந்தாராம். துறவி மந்திரம் ஓதினார். வரிசையாகப் போய்த் தணலில் ஊதுபத்தித் தூள் போட்டோம். குராமோச்சி குழந்தை மாதிரி தேம்பினார்.

மைக் என் கைக்கு வந்தது.

"வந்தவங்க எல்லாருக்கும் நன்றி. ஆனா கமோமே சாகல. இந்த மூணு வாரத்துல நீங்களே அதை எழுப்பி உட்கார வெச்சுட்டீங்க. புதுப் பதிப்பு இதோ ரெடி. என்கூட நின்னு பார்த்துக்கிறேன்னு ரெண்டே ரெண்டு பேரு கை தூக்குங்க. இப்பவே வெளியிடுறேன்."

அத்தனை பேரும் தங்கள் காலுறையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நான் பையிலிருந்து மடிக்கணினியை உருவினேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்று பக்கத்து ஆளிடம் கேட்டார் அவர்.

முனெயோகா எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நெருங்கினவங்களுக்கு இப்படித்தாங்க இருக்கும். இவங்க மனசு இன்னும் ஏத்துக்கல. துக்கம்."

கூடமே குலுங்கி அழுதது. குசகாபே கைக்குட்டையை எடுத்தார். நான் ஒருத்திதான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம், பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் எல்லாருக்கும் தேயிலைப் பெட்டியும் ஒரு சிட்டிகை உப்புப் பொட்டலமும் கொடுத்தார்கள். சாவு கூடவே வீட்டுக்கு வந்துவிடாமல் இருக்க வாசற்படியில் நின்று நம் மேல் தூவிக்கொள்கிற உப்பு. குசகாபே என் முன்னால் இடுப்பு வரை குனிந்தார்.

"ரொம்ப நல்லபடியா அனுப்பி வெச்சிட்டீங்க. ஏப்ரல்லேருந்து கவுண்டருக்கு வந்துடுங்க."

படகுத்துறைக்கு குராமோச்சியும் நானும் சேர்ந்து நடந்தோம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை நோண்டிக்கொண்டு வந்தவர், சட்டென்று முகம் மலர்ந்தார்.

"அட! ஒரு தட்டு தட்டினேன், இமாபாரி டிக்கெட் வந்து விழுந்துடுச்சு! எங்க ஆபீஸ்ல புதுசுல கட்டினதா இருந்தா இந்நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். ஆமா, இந்தக் கப்பல் பதிவு எதுல எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமா, ஹமாதானி-சான்?"

நான் என் உப்புப் பொட்டலத்தைப் பிரித்து மொத்தத்தையும் அவர் தலையில் கொட்டினேன்.

"ஐயையோ, என்ன இது? வீட்டு வாசல்ல இல்ல தூவணும்!"

"இங்கேயே தூவிக்கங்க. செத்தவரு உங்க போனுக்குள்ளதான் இருக்காரு."

அவர் விழித்தபடியே கப்பலேறினார். நான் துறையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். புதுப் பதிப்பு வெளியானது. முதல் ஆளாக அதை இறக்கிக்கொண்டது நான்தான்.