எட்டுக் கார்பன் தாள்கள்

பத்மநாபன் எதையும் வீணாக்கமாட்டான். வளைகுடாவில், ராஸ் அல் கைமா கல் குவாரி ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. மற்றவர்கள் மூன்று தடவையில் தூக்கிப்போடும் கார்பன் தாளை அவன் பத்து தடவையாவது அடித்துத் தேய்ப்பான். இந்தக் கெட்டிக்காரத்தனம் ஒருநாள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளப் போகிறது என்று அவனுக்கு யார் சொல்வது? நோரா கினேன் சொன்னாள். அவன்தான் கேட்கவில்லை.

நோரா அயர்லாந்துக்காரி, ஐம்பத்தைந்து வயது எழுத்தாளர். முதல் நாவலுக்கே சொந்த ஊரில் தடை விழுந்தது. பாதிரியார் பூசையில் பேர் சொல்லித் திட்டினார். கூடப்பிறந்த அண்ணன் பேச்சை நிறுத்தினான். ஒரு வரியை எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். எடுப்பாளா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். 1977இல் கடலோரம் ஒரு வீட்டில் தனியாக இருந்து, தானே ஜீப் ஓட்டி, குவாரிக் கேம்ப்களில் ஆட்களைக் கண்டு பேசிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். ஜீப் புரண்டு வலது மணிக்கட்டு உடைந்தபோதுதான் பத்மநாபனைத் தேடி வந்தாள். இவனோ பி.ஏ. ஆங்கிலம் படித்தவன், ஒரு நிஜ எழுத்தாளருக்கு டைப் அடிப்பதென்றால் கசக்குமா? மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை ஆபீஸ் காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தில் அடித்துக் கொடுத்தான்.

ஏழாவது அத்தியாயத்தைப் பார்த்ததும் அவன் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டான். அது இதே குவாரியில் வேலை பார்த்த உடையப்பனின் கதை. வெடி வைப்பதற்கு முன் சங்கு ஊதவில்லை. பாறை சரிந்து ஆள் அங்கேயே போய்விட்டான். கம்பெனி ஊருக்கு எழுதிய கடிதத்தில் மாரடைப்பு என்றிருந்தது. அந்தக் கடிதத்தை அடித்ததும் இதே பத்மநாபன்தான், பாவி!

பாறை சரிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் அழகுமலை. உடையப்பனின் ஊர்க்காரன். "என் பேரையும் போடுங்கம்மா. பேரு இல்லாம எவன் நம்புவான்?" என்று அவனே சொல்லியிருந்தான். இன்னும் இரண்டு மாதத்தில் அவன் காண்ட்ராக்ட் முடிகிறது; ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் புத்தகம் வெளிவரும் என்று நோரா வாக்குக் கொடுத்திருந்தாள்.

எட்டுப் பக்கத்துக்கு எட்டுப் புதுக் கார்பனை அவளே கொண்டுவந்தாள். "புதுக் கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் எல்லாம் படிக்கலாம். எங்கள் ஊரில் அப்படித்தான் ஒருவனைப் பிடித்தார்கள். அடித்ததும் எரித்துவிடுங்கள்" என்றாள்.

அடித்து முடித்தான். ஸ்டவ் வரை கொண்டுபோனான். பளபளவென்று, ஒரே தடவை அடித்த தாள்கள். மனசு வந்தால்தானே! மேஜை டிராயரில், மற்ற கார்பன்களோடு வைத்துவிட்டான்.

நாலாம் நாள் மானேஜர் சேதுமாதவன் கார்பன் தேடி டிராயரைத் திறந்தார். ஒரு தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அழகுமலை பேர் வரும்வரை படித்தார்.

"இது யார் அடிச்சது?"

"அந்தம்மாவே வந்து அடிச்சாங்க சார்."

"கை ஒடிஞ்சவளா?" அவர் சிரிக்கவில்லை. "உன் வீட்டம்மா ஷியாமளாவுக்குக் கம்பெனி விசா வந்தாச்சுல்ல? அப்ப நான் ஒண்ணும் கேக்கல. ஒரு லெட்டர் அடி. அழகுமலை சொந்த விருப்பத்துல வேலைய விட்டுப் போறான்."

அடித்தான். வேறென்ன செய்வான்?

கையெழுத்துப் போட வந்த அழகுமலை முகம் கறுத்து நின்றான். "வெள்ளக்காரி காட்டிக் குடுத்துட்டா சார். அந்தம்மாவப் போயி நம்புனேன் பாருங்க, என்னயச் செருப்பால அடிக்கணும்."

நான்தான் என்று ஒரு வார்த்தை. பத்மநாபன் சொல்லியிருக்கலாம். ஷியாமளாவின் விசாத் தாள் கண்முன் வந்து நின்றது. "இங்க போடு," என்று இடத்தைக் காட்டினான்.

கேட்டுக்கு வெளியே, டிரைவர் ஓட்டிவந்த ஜீப்போடு நின்ற நோராவைப் பார்த்து அழகுமலை காறித் துப்பிவிட்டு ஏர்போர்ட் வேனில் ஏறினான். அவள் நேரே கேட்டடியில் நின்ற பத்மநாபனிடம் வந்தாள்.

"எரித்தீர்களா?"

"எரிச்சுட்டேன் மேடம்."

அவள் நம்பினாள். ஐயோ, அப்படியே நம்பினாள்! "அப்படியானால் விஷயம் என் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. இந்த அத்தியாயத்தில் பேசிய மற்றவர்களும் மாட்டுவார்கள்" என்றாள். பாதிரியாருக்கும் அண்ணனுக்கும் ஒரு வரி விட்டுக்கொடுக்காதவள், ஜீப் சீட்டிலிருந்து ஏழாவது அத்தியாயத்தை எடுத்தாள். கையெழுத்துப் பிரதி, டைப் பிரதி, நகல் மூன்றையும். ஒரு கையால் கிழிக்க வரவில்லை. "கொஞ்சம் பிடியுங்கள்" என்றாள். பத்மநாபன் பிடித்துக்கொண்டான். அவள் கிழித்தாள்.

மறுநாள் சேதுமாதவன் அந்த எட்டுத் தாள்களையும் அவன் மேஜையில் போட்டார். "ஒரு தடவைதான் அடிச்சிருக்கு. வேஸ்ட் பண்ணாத."

உடையப்பன் செத்த கதை இப்போது உலகத்தில் அந்தத் தாள்களில் மட்டும்தான் இருந்தது. நோரா நாட்டைவிட்டுக் கிளம்ப முடிவு செய்திருந்தாள்; அதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அவள் வீடு நடக்கிற தூரம். பத்மநாபனுக்கு இரண்டும் தெரியும்.

முதல் தாளை எடுத்து மெஷினில் செருகினான். டீசல் கேட்டு ஒரு கடிதம், அடுத்து இரண்டு லீவு லெட்டர். வாரக் கடைசியில் எட்டையும் பத்துப் பத்துத் தடவை அடித்து முடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை.