கொக்குகள் போகும் திசை

ஆவடி குவார்ட்டர்ஸ் மாடியில் பல் துலக்கிக்கொண்டே வானத்தைப் பார்த்தார் ரகுநாதன். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களிலிருந்து கொக்குகள் கூட்டமாய்க் கிளம்பின.

"ஏன் கஸ்தூரி, தூங்கறது நம்ம ஏரியில. விடிஞ்சதும் மேக்கால எங்கதான் போகுதுங்க?"

"பின்னாடியே ஓடிப் போய்ப் பாருங்களேன், ஃபாக்டரிக்கு லீவு போட்டுட்டு."

"ஞாயித்துக்கெழமை ரெண்டு பேருமே போவோம்" என்று சிரித்துவிட்டு, டிபன் கேரியரைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார். நண்பகலில், வேலை செய்த இடத்திலேயே அவருடைய இதயம் நின்றுவிட்டது.

அடுத்த மார்கழியில் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. எந்தெந்த நீர்நிலைகளைப் பாதுகாப்பது என்று திட்டம் போடுகிற அதிகாரி குணசேகரன் வந்திருந்தார். "உங்க ஏரியில மரம் இருக்கு, கூடு இருக்கு. இதைக் காப்பாத்திடலாம். மேற்கே இருக்கிற தாங்கல் சின்னக் குட்டைதான், அதுல ஒரு மரம்கூட இல்லை. அது மனைக்குப் போனா பாதகமில்லை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். 'மேற்கே' என்ற சொல்லில் கஸ்தூரியின் கை மட்டும் நின்றுபோனது.

மறுநாள் விடியற்காலையில் கொக்குகள் போன திசையிலேயே நடந்தாள். வரப்பு தாண்டி, சவுக்குத் தோப்பு தாண்டிப் போனால் அந்தச் சின்னத் தாங்கல். முழங்கால் அளவுத் தண்ணீர் முழுக்க வெள்ளை வெளேரென்று கொக்குகள்! வலையை உதறிக்கொண்டிருந்த மீன்காரன் துலுக்கானம் அவளைப் பார்த்தான்.

"இன்னாம்மா, கொக்கு புடிக்க வந்துகீறியா?"

"இதுங்க தினமும் இங்கதான் வருதாப்பா?"

"பின்ன? ஒங்க ஏரி ஆழம், அதுங்க காலுக்கு எட்டாது. மீனு, நத்தை, தவளை அல்லாம் இங்கதான் கீது. ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாரிம்மா. துண்றது ஒரு ஊடு, தூங்கறது ஒரு ஊடு!"

கணவர் போன பிறகு அன்றுதான் கஸ்தூரி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த கையோடு அழுகையும் வந்தது. தாங்கல் மனையாகிவிட்டால் அவர் கேட்ட கேள்விக்கு விடையே இல்லாமல் போய்விடும்.

குணசேகரனை விடாமல் நச்சரித்து, ஒரு நாள் காலையில் அங்கே அழைத்து வந்தாள். அவர் கரையில் வெகுநேரம் நின்றார். ஒரு கொக்கு தவளையை விழுங்கிவிட்டுக் கிழக்கே பறந்தது. அவர் கண்ணும் அதன் கூடவே ஏரி வரைக்கும் போனது.

"கூடு இருக்கிற இடத்தை மட்டுந்தாம்மா பார்த்தேன். படுக்கப் பாய் கொடுத்துட்டு சோத்துத் தட்டைப் பிடுங்கினா, அது பாதுகாப்பே இல்லை. அழகா இருக்கிற ஓரிடத்தை வேலி போட்டா போதாது. உயிருங்க போய் வர்ற இடங்களை எல்லாம் சேர்த்துத்தான் காப்பாத்தணும்."

திட்டத்தில் ஏரியோடு தாங்கலும் சேர்ந்தது.

கஸ்தூரி காலி செய்துவிட்டுப் போன குவார்ட்டர்ஸில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. கொக்குகள் விடிந்ததும் மேற்கேதான் போகின்றன.