போட்டால் 'ஆம்'

செனட்டர் ஆல்டன் தாக்ஸ்டர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்; பிறகு கோபத்தில் விட்டுப்போகும். கார்வர் ஃபால்ஸில் இருந்த அவருடைய அலுவலகத்தில் மூன்று வருடம் கடிதப் பிரிவில் வேலை பார்த்தேன். அவர் பெயரில் ஊருக்குப் போன ஒவ்வொரு வரியும் என் தட்டச்சுப் பொறியைத் தாண்டித்தான் போனது. பழைய கோப்புகளையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒரு பொய்கூட இல்லை.

மரக்கடைக்காரரின் மகன். இருபத்தெட்டு வயதில் மாநிலச் சட்டசபை, நாற்பத்தொன்றில் செனட். நான்கு தேர்தல்களில் நின்று நான்கிலும் வென்றவர். குடியரசுக் கட்சிக்காரர்தான். ஆனால் எங்கள் ஆலைத் தெருவின் பிரெஞ்சுக் குடும்பங்கள், பரம்பரையாக ஜனநாயகக் கட்சிக்கே போடுகிறவர்கள், இவர் ஒருவருக்காக மட்டும் கட்சி மாறிப் போடுவார்கள். நிதானமானவர், நியாயமானவர் என்று பத்திரிகைகள் எழுதும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவருக்கு இரண்டு பக்கமும் கைதட்டல்.

என் அம்மா யெவெட், காகித ஆலையின் வெளுப்புக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் குளோரின் புகைக்குள் நின்றவள். ஐம்பத்து மூன்று வயதில் வீட்டின் பதினொரு படிகளை ஏற அவள் இரண்டு முறை உட்கார வேண்டும். ஆலை திவாலானபோது மருத்துவக் காப்பீடும் அதோடு போய்விட்டது. அப்படிப்பட்ட தொழிலாளர்களின் நுரையீரல் சிகிச்சையை அரசாங்கமே ஏற்கும் என்ற மசோதா 1987 வசந்தத்தில் செனட்டுக்கு வந்தது. மற்றவர்களுக்கு அது அரசியலாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது மூச்சு.

ஏப்ரலில் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் சனிக்கிழமை மாலை, வேகவைத்த அவரைக்கொட்டை விருந்து. தாக்ஸ்டர் வந்திருந்தார். காகிதத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து எழுந்தார். அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவள் உடல்நிலையை விசாரித்தார். தன் மனசு முழுக்க அவர்கள் பக்கம்தான் என்றார்.

"மனசு இருக்கட்டும் செனட்டர். கை எந்தப் பக்கம்?" என்றாள் அம்மா.

மேஜை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் ஓட்டுப் போட்டா, அது 'ஆம்'தான் யெவெட்."

நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கியத்தை அன்றிரவே என் நோட்டில் எழுதினேன். சொல் மாறாமல் எழுதினேன். ஆனால் படிக்கத் தெரியவில்லை.

ஆலைக்காரர்கள் நாற்பது பேர் ஒரு பேருந்து பிடித்து வாஷிங்டன் போய், ஓட்டெடுப்பு நாளன்று பார்வையாளர் மாடத்தில் உட்கார்வதாக இருந்தார்கள். எங்கள் அலுவலகத் தலைவர் ப்ரெஸ்காட் லண்ட் என்னைக் கூப்பிட்டு, நெருக்கினால் செனட்டர் முறுக்கிக்கொள்வார், உன் ஜனங்களிடம் நீயே பக்குவமாகச் சொல் என்றார். சொன்னேன். தொழிற்சங்கக் கூடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று, அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், நான் பொறுப்பு என்று சொன்னேன். பேருந்தை ரத்து செய்தார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதையும் எழுதியாக வேண்டும்.

மே பதினான்கு, வியாழக்கிழமை. நான் படித்துவந்த மாலைக் கல்லூரி வகுப்புக்குப் போகாமல் அலுவலகத் தொலைக்காட்சியின் முன் நின்றேன். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். தாக்ஸ்டரின் முறை வந்தபோது எழுந்து நின்றார். தன் நண்பர் செனட்டர் பெல்லமி இன்று அவையில் இல்லை என்று ஏதோ தொடங்கினார். நடுவில் ஒரு துண்டு மட்டும் தெளிவாகக் கேட்டது: "...ஆம் என்று வாக்களிப்பேன்."

அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது. தொலைபேசியை எடுத்து அம்மாவிடம், போட்டுவிட்டார் என்றேன். அம்மா சங்கக் கூடத்துக்குச் சொன்னாள். அங்கே பீர் உடைத்தார்கள். யாரோ அழுதார்களாம். அந்தச் சந்தோஷம் ஏறக்குறைய இருபது நிமிடம் இருந்தது.

நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது. சமமாக நின்றால் மசோதா தோற்றது என்றுதான் பொருள்.

மறுநாள் அவைக் குறிப்பு வந்த பிறகுதான் அவருடைய முழுப் பேச்சையும் படித்தேன். பெல்லமி தன் மகனின் பட்டமளிப்பு விழாவுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் 'இல்லை' என்று போட்டிருப்பார். 'எனக்கு வாக்களிக்க உரிமை இருந்தால் ஆம் என்று வாக்களிப்பேன். ஆனால் நான் அவருக்கு ஜோடி கொடுத்திருப்பதால் என் வாக்கை நிறுத்திக்கொள்கிறேன்.' அங்கே இது பழைய மரியாதையாம். வராதவனின் எதிர்ப்பு வீணாகாமல் இருக்க, வந்தவன் தன் ஆதரவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வது. அந்த ஒரு 'ஆம்' விழுந்திருந்தால் மசோதா வென்றிருக்கும். ஜோடி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், கல்யாணம் போல.

நோட்டை எடுத்து விருந்தன்று எழுதியதைப் பார்த்தேன். 'போட்டா.' எத்தனை பெரிய ஓட்டை அந்தச் சொல்லில். ஒரு பேருந்து போகும்.

திங்கட்கிழமை லண்ட் என் மேஜையில் இரண்டு கடித நகல்களை வைத்தார். மசோதாவை ஆதரித்து எழுதியிருந்த முந்நூற்றுப் பதினொரு பேருக்கு ஒன்று: 'மசோதாவுக்கு என் ஆதரவை அவையில் வெளிப்படையாகப் பதிவு செய்தேன்.' எதிர்த்து எழுதியிருந்த நூற்று நாற்பது பேருக்கு மற்றொன்று: 'அந்த மசோதாவுக்கு ஆதரவாக நான் வாக்களிக்கவில்லை.' முதல் பட்டியலில் அம்மாவின் பெயரும் இருந்தது.

"மாத்திப் போட்டுடாதே. ரெண்டு அடுக்கையும் தனித்தனியா வெச்சுக்கோ," என்றார் லண்ட்.

நான் எதையும் மாற்றிப் போடுகிறவள் இல்லை. அந்த வேலையில் என்னிடம் இருந்த ஒரே திறமை அதுதான். இரண்டு நாள் உறைகளில் முகவரி தட்டச்சு செய்து, கடிதங்களை நகலெடுத்தேன். பிறகு நானூற்று ஐம்பத்தொரு உறைகளிலும் இரண்டு கடிதங்களையும் சேர்த்தே வைத்தேன், ஆதரவு மேலே, மற்றது கீழே. புதன்கிழமை மாலைத் தபாலில் சேர்த்தேன்.

அடுத்த செவ்வாய் காலை வாஷிங்டனிலிருந்து தொலைபேசி. லண்ட் மூலமாக இல்லை. செனட்டரே என்னிடம் பேசினார். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் மனைவி மரியன் சாகக் கிடந்த மாதத்தில், அவர் மருத்துவமனையை விட்டு வர முடியாமல் இருந்தபோது, பெல்லமி அவருக்காக மூன்று முறை ஜோடி நின்றாராம். அந்த மனுஷன் முதன்முதலாகக் கேட்ட உதவியை எப்படி மறுப்பது என்று கேட்டார். பெல்லமி கேட்டபோது எண்ணிக்கை இவ்வளவு நெருக்கமாக வரும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு வார்த்தை மாற முடியாது என்றார்.

கொஞ்ச நேரம் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. வந்ததை மறைக்கவில்லை. அது போனதும் கோபம் இரண்டு மடங்காகத் திரும்பியது. நண்பனுக்குக் கொடுத்த வார்த்தை மாறக்கூடாது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது வார்த்தையே இல்லை, வெறும் வாக்கிய அமைப்பு.

"நீ அனுப்பின ரெண்டு கடுதாசியில எதும்மா பொய்?" என்று கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"ரெண்டுமே உண்மைதான் சார். அதனாலதான் ரெண்டையும் எல்லாருக்கும் அனுப்பினேன்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது. சீரான, ஆழமான, ஆரோக்கியமான மூச்சு. பிறகு, லண்ட் உன்னிடம் பேசுவார் என்று சொல்லி வைத்துவிட்டார். லண்ட் பேச எடுத்துக்கொண்டது இரண்டே நிமிடம். பதினொன்றரைக்கு நான் தெருவில் இருந்தேன்.

அம்மா சமையலறையில் இருந்தாள். அவளுக்கு வந்த உறை பிரிந்து கிடந்தது. முழங்காலுக்கு ஒன்றாக இரண்டு கடிதங்களையும் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனதைச் சொன்னேன். நாற்காலி மேல் ஏறி நின்று நான் பேசியதைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"அந்தக் கல்லூரி விழாவுக்கு இவரும் போயிருந்தாராடி?"

இல்லை, பெல்லமி மட்டும்தான் போனார், இவர் அவையில்தான் இருந்தார் என்றேன்.

"உள்ளயே உக்காந்துக்கிட்டா போடாம இருந்தாரு?"

"உள்ளேதாம்மா. கடைசி வரைக்கும்."

அவள் ஏதோ சொல்ல முயன்றாள். இருமல் வந்து தடுத்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அடங்க வெகுநேரம் ஆயிற்று.