நல்லுறவுக் கட்டணம்

மனித நாகரிகம் முழுவதும் நம்பிக்கை என்னும் ஒற்றைத் தூணின் மேல் நிற்கிறது. அந்தத் தூணைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி நிற்பது வங்கி. இது அந்த வங்கிக் கிளையின் வாசலுக்கு எதிர்ச்சுவரில், ஆள் உயரத்துக்கு, பொன்னிற எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்: ‘பெயின்ட் உதிர்கிறது. சாயாதீர்கள்.’

பல்செட்காரர் சாயாமல் நின்றார். மூன்று நாளாக அப்படித்தான் நிற்கிறார்.

அவர் டாக்டர் இல்லை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவு வார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, பல்லைப் பதித்து, தேய்த்துக் கொடுப்பது அவர் வேலை. மெருகு போடுவது அவர் மனைவி. இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறைப் பட்டறை; ஒரு மோட்டார், ஒரு அடுப்பு, அலமாரி நிறைய அடுத்தவர் வாய்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு டாக்டர் தர வேண்டிய பணம் வரவில்லை. செட் போட்டுக்கொண்ட பார்ட்டி இன்னும் தரவில்லை, பெரிய இடம், வாய்விட்டுக் கேட்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பட்டறை வாடகை கணக்கிலிருந்து தானாகப் போகும் நாளன்று முப்பத்தெட்டு ரூபாய் குறைந்தது. பணம் போதாதென்று வாடகையை நிறுத்தியிருந்தால் கட்டடக்காரர் ஒரு வசவோடு விட்டிருப்பார். வங்கியோ யாரும் கேளாமலே தன் கையிலிருந்து முப்பத்தெட்டைப் போட்டு வாடகையைக் கட்டியது. அந்தப் பெருந்தன்மைக்கு ‘நல்லுறவுக் கட்டணம்’ நானூற்றைம்பது. அந்த நானூற்றைம்பதும் கணக்கில் இல்லாத குற்றத்துக்கு நாளொன்றுக்கு அறுபது. இதையெல்லாம் தெரிவித்த கடிதங்களுக்குத் தலைக்கு எழுபத்தைந்து.

கடிதம் நான்கு வந்தது. ஒன்றையும் அவர் பிரிக்கவில்லை. வங்கி உறை கெட்டியானது, வழவழப்பானது. மேலே வைத்து மெழுகு வெட்டினால் ஒட்டாது. நான்கின் மேலும் வெட்டினார். நல்ல காகிதம் என்று மனைவியிடம் மெச்சிக்கொள்ளவும் செய்தார்.

இடையில் இரண்டு மாத வாடகையைக் கட்டடக்காரர் ரொக்கமாகவே கேட்டு வாங்கிக்கொண்டதால் கணக்கின் நினைப்பே அவருக்கு வரவில்லை. போன வாரம் இன்னொரு டாக்டருக்கு மனச்சாட்சி விழித்து, பழைய பாக்கி ஐயாயிரத்தை நேரே கணக்கில் போட்டுவிட்டார். இந்த மாத வாடகை அதுதான். யானை வாயில் போன கரும்பானது அது. முப்பத்தெட்டுக்காகத் தொண்ணூறு நாளில் ஏறிய ஆறாயிரத்து நூற்றைம்பதில் ஐயாயிரத்தை விழுங்கிவிட்டு, இன்னும் ஆயிரத்து நூற்றெண்பத்தெட்டு என்று கைநீட்டியது வங்கி.

கட்டடக்காரர் கெடு வைத்துவிட்டார். இன்று மூன்று மணி. செல்போன் உறை விற்கிற ஒருவன் அதே அறைக்கு இருமடங்கு தருவதாக அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தான். பூட்டினால் மோட்டார் உள்ளே, அடுப்பு உள்ளே, பாதி முடிந்த பதினொரு பேருடைய பல் உள்ளே. ஐம்பத்தாறு வயதில் வேறு தொழில் தெரியாது. கடன் கேட்க மிச்சமிருந்தது மனைவியின் தம்பி ஒருவன். அவனோ இவரைக் கண்டாலே எதிர் நடைபாதைக்கு மாறிவிடுவான்.

முதல் நாள் கவுன்டரில் இருந்த பெண், “சிஸ்டம் எடுத்திருக்குண்ணே” என்றாள். திருடனை நேரில் பார்த்த சாட்சியின் குரலில் சொன்னாள், ஆனால் அதற்கு மேல் சொல்லவில்லை. இரண்டாம் நாள் புகார் மேசை. புகாரோடு மூன்று மாதக் கணக்கு விவரம் இணைக்க வேண்டுமாம். விவரத்துக்குக் கட்டணம் நூற்றிருபது. கணக்கில் பணம் இல்லாததால் அதையும் வங்கியே போட்டுக்கொள்ளும். பிறகு அதற்கு நல்லுறவுக் கட்டணம் வரும். பல்செட்காரர் படிவத்தை மடித்து மேசையிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார்.

காலையில் கிளம்பும்போது மனைவி சொன்னாள்.

“ஏங்க, அங்க போய்ப் பல்லக் காட்டாதீங்க. நம்ம காசு, குடுன்னு கேளுங்க.”

“கேட்டா குடுத்துருவாங்களா?”

“குடுக்கலன்னா அங்கயே உக்காருங்க. நின்னா அனுப்பிருவாங்க, உக்காந்தவன அனுப்புறது கஷ்டம்.”

உட்கார நாற்காலி இல்லை. இரண்டேகால் மணிக்குத்தான் மேலாளர் அறைக்குள் விட்டார்கள்.

அன்று நான்கு மணிக்குக் கிளையில் ‘வாடிக்கையாளர் மாண்பு நாள்’. வட்டாரத் தலைவர் வருகிறார். மேலாளர் பேச்சைக் கையில் வைத்துச் சத்தமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளரே எங்கள் எஜமானர் என்னும் இடத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். எஜமானர் அதுவரை கதவோரம் கைகட்டி நின்றார்.

பிறகு மேலாளர் அவர் குறையைக் கேட்டார். கேட்டுவிட்டு, நிதி ஒழுக்கம் பற்றியும், ஒரு நாட்டின் பொருளாதாரம் தனிமனிதக் கணக்கில் தொடங்குவது பற்றியும் விளக்கினார். சகரம் வரும்போதெல்லாம் மெல்லிதாக ஒரு விசில் வந்தது.

“கட்டணத்த நான் போடல சார். சிஸ்டம் போடுது. சிஸ்டத்துக்கு முன்னாடி நானும் நீங்களும் ஒண்ணு.”

“அப்போ உங்ககிட்டயும் எடுத்திருக்கா சார்?”

மேலாளர் பேச்சுத்தாளைப் புரட்டினார். வேண்டுமானால் ‘நல்லுறவு பிளஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது, அதில் சேர்ந்தால் முப்பத்தெட்டுக்குப் பதில் மூவாயிரம் வரை குறைய வங்கி அனுமதிக்கும் என்றார்.

பல்செட்காரர் மேசையருகே வந்தார். மூன்று மணிக்குப் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள் என்றார். உள்ளே பதினொரு பேருடைய பல் இருக்கிறது, அதில் ஒருவருக்கு நாளன்றைக்கு மகன் கல்யாணம் என்றார். மாதம் கொஞ்சமாக வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள் என்று தன் பணத்துக்கே தவணை பேசினார். மேசைக் கண்ணாடியின் மேல் இரண்டு கையையும் வைத்து, அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தார். அவருடையது சொந்தப் பல், கடிக்கலாம். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. கதவு வரை போய்ப் பல்செட்காரர் நின்றார். மூன்று நாளில் அவர் வாயிலிருந்து வந்தவற்றுள் யோசிக்காமல் வந்தது இது ஒன்றுதான்.

“வலது பக்கம் ஈறு புண்ணாயிருக்கா சார்?”

“என்ன ஈறு?”

“இடது பக்கமாவே பேசுறீங்க. அதான் விசில் வருது.”

“இது என் சொந்தப் பல்லு.”

“தெரியும் சார். நான்தான் செஞ்சேன்.”

தான் பதித்த பல்லைத் தெரியாதவன் அந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. மேல்வரிசையில் இடது ஓரப்பல்லை நூலளவு திருப்பி வைப்பது அவர் வழக்கம். இயற்கை ஸ்கேல் வைத்துப் பல் நடுவதில்லை. நிறமோ, மாதிரிப் பலகையில் இருக்கிற வெள்ளையெல்லாம் போதாது, அதைவிட வெள்ளை வேண்டும் என்று பார்ட்டி கேட்டதாக டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன நிறம். ஊரில் அந்த நிறம் ஒன்றுதான் இருந்தது.

மேலாளர் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். மூன்று மாதமாக உயிர் போகிறதென்றும், டாக்டரிடம் போக முடியாத நிலை என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். ஏன் முடியாது என்று சொல்லவில்லை. பிறகு வேறு திசையைப் பார்த்தபடி, மேல்வரிசையைக் கழற்றி நீட்டினார்.

பல்செட்காரர் கைக்குட்டையில் வாங்கி, மேசை விளக்கடியில் புரட்டினார். வலது ஓரம் கூடுதலாக இறங்கியிருந்தது. நகக்கண் அளவு தேய்த்து மெருகு போட்டால் போதும், பட்டறையில் இருபது நிமிட வேலை என்றார். சொன்ன பிறகுதான் பட்டறை நினைவு வந்தது.

“ஆனா மூணு மணிக்குப் பூட்டிருவாரு சார்.”

மிரட்டலாக அவர் சொல்லவில்லை. மிரட்டத் தெரிந்தவர் மூன்று நாள் நிற்க மாட்டார். அடுத்ததையும் சொன்னார்.

“அந்த முப்பத்தெட்டு கொறஞ்சதே இந்த செட்டாலதான் சார். டாக்டருக்குப் பார்ட்டி இன்னும் காசு தரலையாம்.”

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். மேலாளருக்குச் சொல் போனதும் சிஸ்டம் இறங்கி வந்தது. அவரே கணினியைத் திருப்பி, அவரே தட்டினார். ஆறாயிரத்து நூற்றைம்பதும் கணக்குக்குத் திரும்பியது. காரணம் என்னும் கட்டத்தில் ‘வாடிக்கையாளர் மாண்பு’ என்று அடித்தார். வாடகை நாலாயிரத்து இருநூறையும் அங்கிருந்தே கட்டடக்காரருக்கு அனுப்பிவைத்தார். இத்தனைக்கும் ஏழு நிமிடம் ஆனது. பல்செட்காரர் மேல்வரிசையைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்றேகாலுக்குள் திரும்பி வருவதாக அவர் சொன்னதற்கு மேலாளர் தலையை மட்டும் ஆட்டினார்.

அறையை விட்டு வெளியே வருகையில் மனைவி போன் செய்தாள்.

“வந்தாருங்க, பூட்டோட. கதவுல கொக்கிய மாட்டிப் பாத்தாரு. அப்பத்தான் போன் சத்தம் போட்டுச்சு. எடுத்துப் பாத்தாரு, பூட்டப் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. மோட்டாரப் போட்டு வை. ஒரு அவசர வேலை இருக்கு.”

அவர் சுவரில் கைவைத்து ஒரு மூச்சு விட்டார். பொன்னிறத் தூள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அப்போது வாசலில் கார் வந்து நின்றது. வட்டாரத் தலைவர் ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். உடன் ஒரு புகைப்படக்காரர். மேலாளர் அறையிலிருந்து கைகூப்பியபடி ஓடி வந்தார். தலைவர் அவர் தோளில் கைபோட்டு, சுவர் வாசகத்துக்கு முன்னால் நிறுத்தினார். எல்லோருக்கும் கேட்கும்படி அதை ஒருமுறை படிக்கச் சொன்னார். புகைப்படக்காரர், கொஞ்சம் சிரியுங்கள் என்றார்.

பல்செட்காரர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கி, பட்டறையைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார். மேலாளரின் மேல்வரிசைப் பதினான்கு பற்களும் அவர் சட்டைப்பையில் இருந்தன.